அண்ணாச்சியின் கரடி

நான் வாட்சர் வேலைக்குப் போய்ச் சேர்ந்த அன்று அண்ணாச்சி என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. மலையடிவாரத்து வனத்துறைச் செக்போஸ்ட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதன் பின்பக்கம் கூட்டிப் போய், கல்லின் மேல் நிறுத்தி வைத்திருந்த ஒரு வேரைக் காட்டி, "என்ன தெரியுது?" என்றார்.

எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. புது ஆளிடம் சுத்தமாக வராது. உற்றுப் பார்த்தேன். வேர்தான் தெரிந்தது.

"வேரு, அண்ணாச்சி."

"வேருன்னு எனக்குத் தெரியாதா? அதுல என்ன தெரியுதுன்னு கேக்கேன்."

"கொஞ்சம் மண்ணு ஒட்டியிருக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் தலையை நீட்டி, சோறு வடித்துக்கொண்டிருந்த பாண்டியிடம், "ஏலே பாண்டி, உன்னய மாதிரியே இன்னொன்னு வந்து சேந்திருக்குலே" என்றார். பாண்டியும் எங்களைப் போல வாட்சர்தான். சமைக்கத் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டதால் சமையலும் அவன் தலையில் விழுந்திருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கரடின்னு சொல்லியிருக்கணும். எனக்கும் தெரியாது. ஆனா கரடிதான்" என்றான்.

நான் தாயில்பட்டிக்காரன். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தவன். லைசென்ஸ் சிக்கலில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, சொந்தக்காரர் ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. சில வருஷம் இருந்துவிட்டு மறுபடியும் சரம் பின்ன வந்துவிட்டேன். அண்ணாச்சிக்கு ஆனைக்குட்டம் பக்கம். அவரும் ஒரு காலத்தில் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர்தான். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அங்கன நின்னு எதையும் ரெண்டு நிமிசம் சேந்தாப்ல பாக்க விட மாட்டேங்கான்லே" என்பார்.

காட்டில் பார்ப்பதுதான் அவருக்கு வேலையே. ரோந்து போகும்போது எங்கள் கண் பாதையில் இருக்கும், அவர் கண் ஓடையில் இருக்கும். மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து பாறைகளுக்கு நடுவே சொருகிவிட்டுப் போன வேர், கொம்பு, முண்டு எல்லாம் அங்கே கிடக்கும். இழுத்தெடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நிழலில் காயப் போடுவார். உளி, சுத்தியல் எதுவும் அவரிடம் கிடையாது. ஒரு செதில்கூட வெட்ட மாட்டார். திருப்பித் திருப்பி வைப்பார், அவ்வளவுதான். நெட்டுக்குத்தாக வைப்பார், தலைகீழாக வைப்பார், எட்டப் போய் நின்று பார்ப்பார். சோற்றில் கை வைத்திருப்பார், திடீரென்று எழுந்து போய் எச்சில் கையை வேட்டியில் துடைத்துவிட்டு ஒரு வேரைக் கால்வாசி திருப்பிவிட்டு வருவார். "நிக்க வைக்கிறதுலதாம்லே எல்லாம் இருக்கு. அது அதுக்கு ஒரு நிலை உண்டு. அதுல நிறுத்திட்டா உசுரு வந்துரும்." சரியான நிலை வந்ததும் அடியில் சின்னக் கல்லை அண்டக் கொடுப்பார். அதோடு அது சிலை.

அதற்குப் பிறகு அதை வேர் என்றோ கட்டை என்றோ யாரும் சொல்லிவிடக் கூடாது. அவருக்கு இருந்த ஒரே கோபம் அதுதான். சம்பளம் லேட்டானால் கோபப்பட மாட்டார். அட்டை கடித்தால் கோபப்பட மாட்டார். மாட்டைக் கட்டை என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டார்.

காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. விறகு பொறுக்க வருகிற பொம்பளைகளைத் திருப்பி அனுப்புவதும் நாங்கள்தான். அப்படியிருக்க இவர் இப்படிச் சேர்க்கலாமா என்று பாண்டி ஒருமுறை கேட்டுவிட்டான். "காட்ட விட்டு வெளிய போச்சா? அங்கன கெடந்தது இங்கன நிக்கி. அம்புட்டுத்தான்" என்றார் அண்ணாச்சி. உண்மையிலேயே ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை, விற்றதும் இல்லை.

கேஸ் தீர்ந்துபோனால், விழுந்து கிடக்கிற சுள்ளியை வைத்து அடுப்பெரித்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி இருந்தது. ஒரு மழை நாளில் ஈரமில்லாத கட்டையாகத் தேடிய பாண்டி, கொட்டகைக்குப் பின்னால் கைக்கு வந்ததை எடுத்து வைத்து ஆக்கிவிட்டான். நல்ல சோறு, நல்ல ரசம். அண்ணாச்சி ரோந்து முடிந்து வந்து கை கழுவப் பின்பக்கம் போனவர், அப்படியே நின்றார்.

"ஏலே, மயிலு எங்க?"

பாண்டி அடுப்பைப் பார்த்தான். நானும் அடுப்பைப் பார்த்தேன். தோகை மட்டும் இன்னும் கொஞ்சம் கணகணவென்று இருந்தது.

"தெரியாம நடந்துபோச்சு அண்ணாச்சி. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

"மயில வச்சு ஆக்குன சோறு எனக்கு வேணாம்" என்றவர், மாலை வரை பட்டினி கிடந்தார். பிறகு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். அந்த ரசத்தை நாங்கள் இருவரும் ஏதோ பாவம் செய்கிற மாதிரி சத்தமில்லாமல் குடித்தோம்.

ஒரு ஆடிக் கடைசி வெள்ளிக்கு என்னையும் இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். நான் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து தேடினால் ஆளைக் காணோம். ஆற்றுமணலில் குனிந்து நின்று ஒரு புளிய வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார். "மாடுலே! கொம்பப் பாரு!" என்றார். பார்த்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. காட்டு மரம் இல்லை, ஆற்றில் வந்தது, அதனால் தைரியமாகத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"என்ன அண்ணாச்சி, கட்டையெல்லாம் ஏத்துறீக? லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"கட்டை இல்ல, தம்பி. மாடு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"மாட்ட ஏத்த முடியாதே அண்ணாச்சி, எறங்குங்க. லக்கேஜுன்னா ஏத்தலாம்."

"லக்கேஜ் காசு வாங்கிக்கங்க. ஆனா மாடுன்னு சொல்லி வாங்குங்க."

"மாட்டுக்கு டிக்கெட் என்ட்ட இல்லயே."

நான் அவர் காதோரம், "கட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன், அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். பின் சீட்டிலிருந்த ஆச்சி ஒருத்தி, "பாலு கறக்குமாய்யா?" என்று கேட்டுவிட்டாள். பஸ் சிரித்த சிரிப்பில் நான் தலையைக் குனிந்தவன்தான். அண்ணாச்சி மாட்டோடு இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். சாத்தூரில் ஒரு லாரி பிடிக்கும் வரை வெயிலில் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழி நெடுக அவர் வாயில் ஒரு குறையும் இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி சந்தோஷமாகத்தான் நடந்தார்.

அவர் சம்சாரம் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறவர். பேச்சிலும் கையிலும் அப்படி ஒரு வேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் கறிக்குழம்போடு செக்போஸ்ட்டுக்கு வந்தார். நாங்கள் மூவரும் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போனால், சிலை ஒவ்வொன்றிலும் கலர் கலராகப் பட்டாசு லேபிள் ஒட்டியிருந்தது. மாட்டின் மேல் மாட்டுப் படம். கரடியின் மேல் குதிரைப் படம்.

"என்ன காரியம் செஞ்சிருக்க?" என்று அண்ணாச்சி அலறினார்.

"யாரும் கண்டுபிடிக்க மாட்டேங்காகன்னு தெனம் பொலம்புறீகள்ல? லேபிள் ஒட்டாத டப்பாவ எவன் வாங்குவான்? இனிமே ஒருத்தரும் கேக்க வேண்டாம், பாத்தாலே தெரியும்."

"அது கரடி! குதிரைய ஒட்டி வச்சிருக்க!"

"கரடி லேபிள் ஸ்டாக் இல்லைங்க."

அண்ணாச்சி தண்ணீர் தொட்டு லேபிளைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த அக்கா மிச்ச லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரத்தில் தனியாக நின்ற முண்டு வேரிடம் போனார். "இது என்னங்க? குரங்கா?"

அண்ணாச்சி இன்னும் வேகமாகச் சுரண்டினார். எனக்கும் பாண்டிக்கும் அது என்னவென்று தெரியும். அவர் வைத்த பெயர் 'எங்க மாமியா'. பாண்டி மெதுவாகக் கொட்டகைக்குள் நழுவினான். அக்கா குனிந்தார், தள்ளி நின்றார், மறுபடி குனிந்தார்.

"எங்க அம்மால்ல இது?"

அண்ணாச்சி சுரண்டுவதை நிறுத்திவிட்டு நின்றார். இன்று அடி விழும் என்றே நான் நினைத்தேன். அக்கா முந்தானையால் அந்த வேரின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். "மூக்குதான் சரியில்ல. அவளுக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கும்" என்றார். கையில் இருந்த லேபிளைத் தூக்குவாளிக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த ஒரு வாரம் அண்ணாச்சி தரையில் நடக்கவில்லை. சொல்லாமலே கண்டுபிடித்த முதல் ஆள் அவர் சம்சாரம்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது ரேஞ்சர் வந்தார். சின்ன வயதுப் பெண், வெளியூர்க்காரர், கண்டிப்பானவர் என்று அவருக்கு முன்னாலேயே பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. யாரோ அவருக்குப் போன் போட்டு, செக்போஸ்ட் வாட்சர் ஒருத்தர் காட்டு மரத்தில் பொம்மை செய்து டவுனில் விற்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு மேலதிகாரியான வனவர் ஓடி வந்தார். அண்ணாச்சி பல வருஷமாகத் தற்காலிக வாட்சர். அவரை நிரந்தரமாக்கச் சொல்லி அப்போதுதான் மேலே எழுதிப் போயிருந்தது. இந்த நேரத்தில் மரத் திருட்டு என்று ஒரு கேஸ் விழுந்தால், நிரந்தரம் போகட்டும், இருக்கிற வேலையும் போய்விடும்.

"யோவ், நாளைக்கு அம்மா வராங்க. இதெல்லாம் என்னன்னு கேட்டா, அடுப்புக்கு வச்சிருக்க விறகுன்னு சொல்லு. ஒரே வார்த்தை. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் வனவர்.

சாயங்காலம் நாங்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்தோம். பாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரேஞ்சர் அம்மாவாக நடந்து வந்தான். "இது என்ன?"

"வி..." என்றார் அண்ணாச்சி. இருமல் வந்துவிட்டது.

"வெறகுன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"நீ மயில எரிச்சவன். உனக்கு எதுவும் வரும்லே."

மறுநாள் ரேஞ்சர் வந்தார். கொட்டகை வாசலில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, தன்மையாகத்தான் பேசினார். பிறகு எழுந்து பின்பக்கம் போனார். சிலைகளை ஒவ்வொன்றாகத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். முதல் வேரைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

வனவர் ரேஞ்சருக்குப் பின்னால் நின்று வாயை மட்டும் அசைத்தார்.

"விறகும்மா" என்றார் அண்ணாச்சி. எங்களுக்கு மூச்சு வந்தது.

"இது?"

"அதுவும்... விறகு." குரல் இறங்கிவிட்டது.

மாமியாரைக் காட்டிக் கேட்டபோது மட்டும், "விறகுதான்" என்று நல்ல தெம்பாகச் சொன்னார். கரடிக்கு வரும்போது அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்டையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப சரி" என்றார் ரேஞ்சர். "விறகுன்னா பிரச்சினையே இல்லை. இதுல ஒண்ண அடுப்புல வச்சு எல்லாருக்கும் ஒரு டீ போடுங்க."

வனவர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணாச்சி சிலைகளைப் பார்த்தார். ஒன்றைத் தொட்டார், வைத்தார். இன்னொன்றைத் தொட்டார். "நீங்க பாத்துட்டிருங்கம்மா, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். ரேஞ்சர் வனவரிடம் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம் மடார் மடார் என்று ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. பிறகு புகை வந்தது. பிறகு டீ வந்தது.

ரேஞ்சர் டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, உட்காரப் போய், நின்றார். இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார்.

"நான் உட்கார்ந்திருந்த முக்காலி எங்க?"

அடுப்பிலிருந்து முக்காலியின் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டு எரிந்துகொண்டிருந்தது. டிபார்ட்மெண்ட் நம்பர் வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று தெரிந்தது.

ரேஞ்சர் நின்றபடியே டீயைக் குடித்து முடித்தார். சிரிக்கவில்லை, ஆனால் முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "விக்கிறவரா இருந்தா முக்காலியை உடைக்க மாட்டீங்க. அது எனக்குப் புரியுது. ஆனா காட்டுல விழுந்த கட்டை காட்டுக்குத்தான். அதுல புழு இருக்கும், பூச்சி இருக்கும், அதைத் தின்ன ஒண்ணு வரும். எடுத்ததை எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வைங்க. மழை முடிஞ்சதும் வந்து இந்தப் படத்தை வச்சு ஒவ்வொண்ணா பார்ப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் வித்துட்டீங்கன்னுதான் நான் எழுதணும். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது. முக்காலி உங்க செலவு."

ஆற்றில் வந்த மாடு மட்டும் காட்டுப் பொருள் இல்லை என்று தப்பித்தது. மற்றதையெல்லாம் நாங்கள் தூக்கிக்கொண்டு மலையேறினோம். எதை எந்தப் பாறைச் சந்தில் எடுத்தார் என்று அவருக்கு மறக்கவில்லை. ஆனால் எடுத்தபடி போடவில்லை. ஒவ்வொன்றையும் அது அதன் நிலையில் நிறுத்தி, கல் அண்டக் கொடுத்து, எட்டப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். "வைன்னுதான சொன்னாக? படுக்க வையின்னா சொன்னாக?" மாமியாரைப் பாதையைப் பார்த்த மாதிரி ஒரு பாறை மேல் வைத்தார். பாண்டி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பீடி பிடிப்பதை விட்டுவிட்டான். கரடி கடைசி. மேலே ஓடை வளைகிற இடத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் அதை நிறுத்திவிட்டு, அண்ணாச்சி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கே அது கொஞ்சம் கரடியாகத் தெரிந்தது. இரண்டு காது, தூக்கிய மூக்கு. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

மழை வெளுத்து வாங்கியது. ஓய்ந்ததும் ரேஞ்சர் சொன்னபடி வந்தார். கையில் போன். நாங்கள் மூவரும் வனவரும் கூடவே நடந்தோம். மாமியார் இருந்தார். மற்றவையும் வைத்தது வைத்த இடத்தில் நின்றன. ஒவ்வொன்றையும் படத்தோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே ஓடை வளைவுக்கு வந்தார்.

தட்டைக் கல் காலியாக இருந்தது.

ரேஞ்சர் போனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "இங்கதானே?"

அண்ணாச்சி கல்லைத் தடவிப் பார்த்தார். அண்டக் கொடுத்த சின்னக் கல் மட்டும் இருந்தது. வேலை போகப் போகிறதே என்ற பயம் அவர் முகத்தில் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தது அந்த முகம்.

"யோவ், உள்ளதச் சொல்லிரு. யாருக்குக் குடுத்த?" என்றார் வனவர்.

"நான் குடுக்கலய்யா. இங்கனதான் வச்சேன். தம்பிகிட்ட கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அந்த இடத்தில் நிற்க முடியாமல், தேடுகிற சாக்கில் ஓடைக்குள் இறங்கினேன். புதருக்கு அந்தப் பக்கம் மண் கொத்திப் போட்ட மாதிரி கிளறிக் கிடந்தது. அதற்குள் சிலாம்பு சிலாம்பாக மரம்.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

பெரிய துண்டு ஒன்றில் நீள நீளமாக நகம் இழுத்த தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஈர மண்ணில் கால் தடமும் இருந்தது. உடைந்த துண்டுகளின் உட்பக்கம் எல்லாம் கரையான் மண். மழை ஈரத்தில் அடியிலிருந்து கரையான் ஏறியிருக்கிறது. அந்த வாசனைக்குக் கரடி வந்து, உடைத்து, உறிஞ்சித் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. வாட்சர் வேலை பார்க்கிற யாருக்கும் இது பார்த்ததும் தெரியும்.

அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். நகத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு காது இன்னும் ஒட்டியிருந்தது. மெதுவாக எழுந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"அம்மா, சண்டை போட்டிருக்கும்மா."

"எது?"

"கரடிதான். நெசக் கரடி. தண்ணி குடிக்க வந்திருக்கு. தன் எடத்துல இன்னொரு கரடி நிக்கின்னு பாத்துட்டு, அடிச்சிருக்கு. கட்டைன்னு நெனச்சிருந்தா எதுக்கும்மா அடிக்கப் போகுது?"

வனவர் வாயைத் திறந்தார். "கரையானு..."

ரேஞ்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். வனவர் வாயை மூடிக்கொண்டார். ரேஞ்சர் குனிந்து அந்தத் துண்டையும், நகத் தடத்தையும், சிதறிக் கிடந்ததையும் படம் எடுத்தார். போனில் பழைய படத்தை விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காதைப் பார்த்துட்டு ஏமாந்திருக்கும்" என்றார். "சரி. ஒண்ணும் குறையல. எல்லாம் காட்டுலதான் இருக்கு. போகலாம்."

இறங்கும்போது பாண்டிதான் முதலில் சிரித்தான், பிறகு வனவர். அண்ணாச்சி காதில் அது விழவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்று, நான் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, தோளில் கை போட்டார்.

"அடி பலமாத்தாம்லே விழுந்திருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா நம்மாளும் சும்மா விட்டிருக்காது. ரெண்டு அடியாவது போட்டிருக்கும்."